பிறர் இடத்துப் படியில் விழுந்தவரின் ஹக்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளி இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்ததும் இமாம் எழுந்தால், தொழுகையைப் பற்றியோ ஸகாத்தைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நாம் படிக்கட்டைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். சிலர் புன்னகைப்பது தெரிகிறது. ஆயினும் இந்த ஓராண்டில் நம்மிடம் வந்த பிரச்சினைகளுள், நிக்காஹ், தலாக், பாகப்பிரிவினை இவற்றுக்கு அடுத்தபடியாக நம்மை அதிகம் அலைக்கழித்தது ஒரு படிக்கட்டுதான்.

நம் மஹல்லாவில் கணவரை இழந்த ஒரு சகோதரி, வீட்டில் தையல் இயந்திரம் வைத்துப் பிழைப்பவர். தைத்த துணிகளைக் கொடுப்பதற்காக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்குச் சென்றிருக்கிறார். வெள்ளையடிப்பதற்காகப் பொதுப் படிக்கட்டின் கைப்பிடியைக் கழற்றி வைத்துப் பல நாட்கள் ஆகியிருந்தன. படிக்கட்டு விளக்கும் எரியவில்லை. மஃரிபுக்குப் பின் இறங்கும்போது கால் தவறித் தொடை எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை, தகடு, பல மாதப் படுக்கை. கட்டட உரிமையாளரும் நம் ஜமாஅத்தில் சந்தா செலுத்துபவரே. அவர் மருத்துவமனைக்குச் சென்று 5,000 ரூபாயைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, எழுதாத வெற்றுத் தாள் ஒன்றில் அச்சகோதரியின் கையொப்பம் கேட்டிருக்கிறார். அல்லாஹ்வின் அருளால் உடனிருந்த மகள் கையெழுத்திட விடவில்லை.

பின்னர் இவ்விவகாரம் மஷூராவுக்கு வந்தது. அங்கே எழுந்த முதல் குரல், "இது தக்தீர், அல்லாஹ்வின் நாட்டம். விழ வேண்டும் என்று எழுதியிருந்தால் விழத்தான் செய்வார். இதற்காக ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிம் மீது வழக்குத் தொடுப்பதா?" என்பதாகும். சொன்னவர் நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகையாளி. ஆகவே அவரது சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம்.

தக்தீரை நம்புவது ஈமானின் கடமை. அதில் சந்தேகமில்லை. ஆனால் தக்தீர் என்பது விழுந்தவருக்கு மட்டும் நினைவூட்டப்படும் பாடமாகவும், கைப்பிடியைக் கழற்றி வைத்தவருக்குக் கேடயமாகவும் ஆகிவிடக்கூடாது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் படையுடன் சர்ஃக் என்னும் இடத்திலிருந்து திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். நோய் விதி என்றால் மருந்தும் விதி. விழுந்தது விதி என்றால், விழச் செய்தவர் ஈடு செய்ய வேண்டும் என்ற சட்டமும் அதே இறைவன் விதித்ததே.

நம் முன்னோர்களான ஃபுகஹாக்கள் இதை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தார்கள் என்பதைப் பாருங்கள். அரபி மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஹிதாயாவில், ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்ஃகீனானி (ரஹ்) அவர்கள், பொதுவழியில் ஒருவர் உண்டாக்கி வைப்பவற்றுக்கென்றே தனிப் பாடம் அமைத்திருக்கிறார்கள். வழியில் வெட்டிய குழி, தெருப்பக்கம் நீட்டிய இறவாரம், தண்ணீர்க் குழாய் எல்லாம் அதில் வருகின்றன. வழியில் தண்ணீர் தெளித்து ஒருவர் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்பதும் வருகிறது! வழி முழுவதையும் நனைத்துவிட்டால் தெளித்தவர் பொறுப்பு. காய்ந்த பகுதி நடப்பதற்கு இருந்தும், ஈரமான இடம் என்று தெரிந்தே ஒருவர் அதில் நடந்து விழுந்தால் தெளித்தவர் மீது பொறுப்பில்லை. இன்றைய நீதிமன்றங்கள் விழுந்தவரின் கவனக்குறைவையும் கணக்கிட்டு இழப்பீட்டைக் குறைக்கின்றன அல்லவா? அதை ஒத்த சிந்தனை இங்கேயும் இருக்கிறது.

சாய்ந்த சுவர் பற்றிய சட்டம் இன்னும் கவனிக்கத்தக்கது. ஒருவரது சுவர் தெருவை நோக்கிச் சாய்ந்துவிட்டது. அவ்வழியே செல்பவர்களில் ஒருவர், சாட்சி வைத்து, இதை இடித்துவிடு என்று உரிமையாளரிடம் கோரிவிட்டார். இடிப்பதற்குப் போதிய அவகாசமும் கடந்துவிட்டது. அதன்பின் சுவர் விழுந்து ஒருவர் மடிந்தால் ஹனஃபி மத்ஹபில் பொறுப்பு ஏற்பட்டுவிடுகிறது. முன்கூட்டிக் கோரிக்கை இல்லையெனில் பொறுப்பில்லை. தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தால் கோரிக்கைகூடத் தேவையில்லை. ஷாஃபி மத்ஹபில் இதில் கருத்து வேறுபாடு உண்டு. வாடகைக்குக் குடியிருப்போர் இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ள வேண்டும். படி உடைந்திருக்கிறது, விளக்கு எரியவில்லை என்று வாடகை கொடுக்கும்போது வாயால் சொல்லிவிட்டு வருவதோடு நிறுத்திவிடாதீர்கள். தேதியிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். இரண்டு குடித்தனக்காரர்கள் கையெழுத்திடுங்கள். படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபிக்ஹு நூல்கள் இஷ்ஹாத், அதாவது சாட்சி வைத்தல், என்று கூறுவதும் வழக்கறிஞர்கள் முன்னறிவிப்பு என்று தேடுவதும் ஒன்றேதான்.

"அது அவருடைய சொந்தக் கட்டடம், பொதுவழி அல்லவே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. தன் சொந்த நிலத்தில் முறையாக வெட்டிய கிணற்றில் ஒருவர் தாமே விழுந்து இறந்தால் நிலத்துக்காரர் மீது தியத் இல்லை என்பது, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நபிமொழியிலிருந்து இமாம்கள் எடுத்த சட்டம். ஆனால் ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் ஒரு மஸ்அலாவைக் கூறுகிறார்கள். தன் வீட்டு நடையிலே குழி வெட்டி வைத்திருப்பவர் ஒரு மனிதரை உள்ளே அழைக்கிறார். வந்தவர் அதில் விழுந்துவிடுகிறார். வலுவான கூற்றின்படி அழைத்தவர் மீது ளமான், அதாவது ஈடு செய்யும் பொறுப்பு, உண்டு. விரிவுரையாளர்கள், இருட்டாலோ மூடியிருந்ததாலோ வந்தவருக்குக் குழி தெரியாதிருந்தால் என்று நிபந்தனை கூறுகின்றனர். இடம் யாருடையது என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. வந்தவர் எப்படி வந்தார், ஆபத்து அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதே கேள்வி.

இதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்குப் பின், 1866இல் இங்கிலாந்தில் இண்டர்மோர் எதிர் டேம்ஸ் என்ற வழக்கு தீர்க்கப்பட்டது. லண்டனில் ஒரு சர்க்கரை ஆலைக்கு வேலை நிமித்தம் சென்ற எரிவாயுக் குழாய்த் தொழிலாளி, மாடியில் தடுப்பின்றித் திறந்து கிடந்த பொந்தில் கீழே விழுந்தார். தொழில் காரணமாக அழைப்பின் பேரில் வருபவரை, உரிமையாளர் அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய ஆபத்திலிருந்து காப்பது அவரது கடமை என்று தீர்ப்பாயிற்று. இத்தகைய கொள்கைகளைத்தான் இந்திய நீதிமன்றங்களும் பின்பற்றி வருகின்றன. டில்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு சரிந்து பலர் மாண்ட வழக்கில், 1966ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மாநகராட்சியையே பொறுப்பாக்கியது. 80 ஆண்டுப் பழமையான அக்கட்டடத்தின் சாந்து 40, 45 ஆண்டுகளுக்கே தாங்கக்கூடியது, அதைப் பரிசோதித்திருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். சாய்ந்த சுவரின் கதைதான் அதுவும்.

விழுந்ததில் பலருக்குப் பங்கு இருந்தால்? அலி (ரலி) அவர்கள் யமனில் இருந்தபோது நேர்ந்த ஒரு சம்பவம் முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. சிங்கம் பிடிக்க வெட்டிய குழியின் விளிம்பில் கூட்டம் நெருக்கியடித்தது. ஒருவர் தவறி விழும்போது அடுத்தவரைப் பற்ற, அவர் மூன்றாமவரைப் பற்ற, அவர் நான்காமவரைப் பற்ற, நால்வரும் விழுந்து சிங்கத்தால் மாண்டனர். கோத்திரங்கள் வாளெடுக்கும் நிலை. முதலாமவருக்குத் தியத்தில் கால் பங்கு, அடுத்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்றாமவருக்குப் பாதி, கடைசியாக இழுக்கப்பட்டவருக்கு முழுத் தியத் என்று அலி (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்றார்கள் என்று அறிவிப்புக் கூறுகிறது. அறிவிப்பாளர் தொடர் பற்றி முஹத்திஸீன்களிடையே விமர்சனம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆயினும் பொறுப்பைப் பங்கிட்டு அளக்கும் அந்தச் சிந்தனை, வாளெடுக்க வந்தவர்களை உட்கார வைத்தது.

ஈடு என்றால் எதற்கு? காயம் வடுவின்றி ஆறிவிட்டால் ஈடே இல்லை என்றார்கள் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்). பட்ட வேதனைக்கு ஈடு உண்டு என்றார்கள் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்). வைத்தியர் கூலி உண்டு என்றார்கள் இமாம் முஹம்மது (ரஹ்). ஆசானும் இரு மாணவர்களும் ஒரே காயத்தை மூன்று விதமாகப் பார்த்திருக்கிறார்கள்! இன்றைய நீதிமன்றம் மாணவர்கள் இருவர் சொன்னதையும் சேர்த்துக் கொடுக்கிறது. மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, இழந்த வருமானம், நிரந்தர ஊனம் ஏற்பட்டால் வருங்கால இழப்பு என்று தனித்தனித் தலைப்புகள். வேலைக்குப் போகாத தாய்மார்கள் தமக்கு வருமானம் இல்லையே என்று எண்ண வேண்டாம். 1989இல் ஜாம்ஷெட்பூரில் நேர்ந்த தீ விபத்து வழக்கில், 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இல்லத்தரசிகளின் உழைப்புக்கும் மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் நம் நாட்டில் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றுக்கே பொருந்தும். விபத்து இழப்பீடு அதில் வராது. எனவே ஜமாஅத் தியத் விதித்துத் தீர்ப்பளிக்க முடியாது, அவ்வாறு முயலவும் கூடாது. நாட்டுச் சட்டத்தின் வாசலைத் தட்டுவதே வழி. அந்த வாசல் நாம் நினைப்பதைவிட அருகில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழுவும், வட்ட நீதிமன்றத்தில் குழுவும் இயங்குகின்றன. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்க்கு வருமான வரம்பு உண்டு. பெண் என்ற ஒரு தகுதியே போதும் என்பது நம் மஹல்லாவில் எத்தனை பேருக்குத் தெரியும்? தொலைபேசி எண் 15100.

இதற்கிடையில் மருத்துவமனை வாசலிலேயே தரகர்கள் வந்து நிற்கிறார்கள். கிடைப்பதில் நூற்றுக்கு இத்தனை என்று பேசுகிறார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் வழக்கறிஞர்களுக்கே பார் கவுன்சில் விதிகளால் தடுக்கப்பட்டவை. தரகருக்கு ஏது உரிமை?

காலக்கெடு முக்கியம். உரிமையியல் நீதிமன்றத்தில் காயத்திற்கான இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள். கட்டணம் செலுத்திச் சென்ற மண்டபம், விடுதி, மருத்துவமனை போன்ற இடமானால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். செலுத்திய கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் இல்லை. அரசுக் கட்டடமானால் வழக்குக்கு முன் இரண்டு மாத அறிவிப்பு அனுப்ப வேண்டும். உயிரிழப்பு நேர்ந்தால் 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். இத்தாவில் இருக்கும் பெண்மணி அது முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வக்கீல் மூலமாக அறிவிப்பு அனுப்பலாம். கொத்தனார், பெயின்டர் போன்றோர் வேலையின்போது விழுந்தால் அது வேறு சட்டம். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தினுள் அடங்கிவிட்டது. அதுபற்றித் தனியாகப் பேச வேண்டும்.

விழுந்த அன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. மருத்துவமனையில், "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று வெட்கத்தாலோ பிறர் சொல்லிக் கொடுத்தோ பொய் சொல்லிவிடாதீர்கள். எந்த இடத்தில், எப்படி விழுந்தீர்கள் என்று விபத்துப் பதிவேட்டில் உள்ளபடி எழுதச் செய்யுங்கள். ஏ.ஆர். காப்பி என்று சொல்கிறார்களே, பின்னாளில் அந்த ஒரு தாளே பேசும். படிக்கட்டை மறுநாளே சரிசெய்துவிடுவார்கள். அதற்குமுன் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மருந்துச் சீட்டைக்கூட எறியாதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பொய்யாக ஒரு வரியையும் சேர்க்காதீர்கள். இல்லாத ஊனத்தைச் சொல்லிப் பெறும் பணம் ஹராம் என்பதை இந்த மிம்பரின் நிழலில் நின்று சொல்கிறோம்.

இனி மஷூராவுக்கு வருவோம். "மன்னித்துவிடு, அல்லாஹ் கூலி தருவான்" என்று நால்வர் சேர்ந்து அச்சகோதரியிடம் சொல்லத் தொடங்கினர். மன்னிப்பு மிகச் சிறந்த அமல்தான். ஆனால் அது யாருடைய பொருள்? உரிமை அவருடையது. அதைத் தர்மம் செய்யும் அதிகாரம் முத்தவல்லிக்கும் இல்லை, இமாமுக்கும் இல்லை. ஏழையிடம் மன்னிப்பை வசூலித்துப் பணக்காரருக்கு வழங்கும் இடமாக ஜமாஅத் ஆகிவிட்டால், நாளை மஹ்ஷரில் நாமும் அக்கடனில் பங்காளிகளாவோம். மேலும், ஸுல்ஹு என்னும் சமாதானத்தில் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெற்றுத் தாளில் வாங்கும் கையொப்பம் ஸுல்ஹு அல்ல. இதை நாம் உரிமையாளரிடம் நேரிலேயே சொன்னோம். அவருக்குக் கோபம் வந்தது. மூன்று ஜும்ஆக்களை வேறு பள்ளியில் தொழுதார்.

பின்னர் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் அச்சகோதரி மனுக் கொடுத்தார். வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேச அங்கே வழியிருக்கிறது. பொதுப் படிக்கட்டு குடித்தனக்காரர் வசம் இல்லை, உரிமையாளர் வசம் இருக்கிறது, ஆகவே பராமரிப்பும் அவர் பொறுப்பே என்பது இரண்டாம் அமர்வில் ஒப்புக்கொள்ளப்பட்டது. மக்கள் நீதிமன்றத்தில் மருத்துவச் செலவு முழுவதும், எட்டு மாத வருமானமும் மூன்று தவணைகளில் என்று முடிவாயிற்று. மக்கள் நீதிமன்றத்தின் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மீது மேல்முறையீடு கிடையாது. எனவே ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே அவர் ஒப்பமிட்டார். இரண்டு தவணைகள் வந்துவிட்டன. அவர் உரிமையாளரை மன்னித்துவிட்டாரா என்று சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். நாம் அவரிடம் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை.

நிறைவாக, நம் பள்ளியின் படிக்கட்டுக்கு வருவோம். தடுப்பில்லாத மொட்டை மாடியில் உறங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் என்பது அபூதாவூதில் வருகிறது. பாதுகாப்பும் தீனில் சேர்ந்ததே. பள்ளிக்குள் விரித்த பாயினாலும் தொங்கவிட்ட விளக்கினாலும் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்றுகூட ஹிதாயா ஆராய்கிறது. தொழாமல் பள்ளியில் சும்மா அமர்ந்திருப்பவர் மீது ஒருவர் இடறி விழுந்து மடிந்தால், அமர்ந்தவர் பொறுப்பு என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல். இரு மாணவர்களும் இதில் மாறுபடுகிறார்கள். தொழுகை முடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து உலக அரசியல் பேசும் நம் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

மக்கள் கூடும் கட்டடங்களில் படியின் அகலம் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. மாடிக்குச் செல்லும் புதிய படிக்கட்டுக்கு வரைபடம் தயாராகி வருவதாகச் செயலாளர் இன்று அறிவித்தார். பொறியாளர் சகோதரர் இந்த அளவுகளை அதில் சரிபார்த்துத் தருவார். இரு பக்கமும் கைப்பிடி, ஃபஜ்ருக்கு அரை மணி நேரம் முன்பே எரியும் விளக்கு, ஹவுளைச் சுற்றி வாரம் இருமுறை பாசி தேய்த்தல் ஆகிய மூன்றையும் நிர்வாகக் குழுவின் முன் வைக்கிறோம். பெண்கள் தொழுகைக் கூடத்துப் படியைத் தாய்மார்களே ஒருமுறை பார்த்துக் குறைகளை எழுதித் தரலாம். இஷாவுக்குப் பின் அலுவலகப் பெட்டியில் போட்டால் போதும். பெயர் எழுதவேண்டியதில்லை, தேதி மட்டும் எழுதுங்கள்.